இரவல் உடைக்கு இடமில்லை

பதினொரு விதிகள் எழுதினேன். அவற்றை மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பதினொன்றும் இன்றைக்கும் மனப்பாடம். பேச்சாளர் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது. கையில் கடதாசி வைத்திருக்கக்கூடாது. அரசாங்கத்தையோ பிற சமயத்தாரையோ தாக்கக்கூடாது. உடைப் போட்டிக்கு வருபவர் மேடையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு நடந்து, திரும்பி, நடுவர்களை வணங்க வேண்டும். மேடையில் வெற்றிலை போடக்கூடாது. பத்தொன்பது வயதுப் பொடியன் கையில் பேனாவையும் கோயில் வாலிபர் சங்கத்துக் காரியதரிசிப் பதவியையும் கொடுத்துப் பாருங்கள், அவன் சட்டசபையே நடத்தத் தொடங்கிவிடுவான்.

கற்பிட்டிக்கும் சிலாபத்துக்கும் இடையில் கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. வெள்ளைக்காரன் ஆட்சி. இன்னொரு யுத்தம் வரப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்த காலம். மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த சுவாமியார் கொழும்பில் இருந்தவர். பட்டணத்து வாலிபர் சங்கங்களில் பேச்சுப் போட்டியும் உடைப் போட்டியும் நடப்பதைப் பார்த்தவர். எங்கள் பொடியன்களும் நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பேசப் பழக வேண்டும் என்று அவருக்கு ஆசை. "ஆள் பாதி, ஆடை பாதி" என்று சொல்லி இரண்டு போட்டியையும் ஒன்றாகக் கட்டிவிட்டார். முதலில் உடை, பிறகு பேச்சு. உடையில் தள்ளுபட்டவன் பேச முடியாது.

இதெல்லாம் விளையாட்டாகவே முடிந்திருக்கும். சிலாபத்துத் தென்னந்தோட்டத்து முதலாளி ஒருவர் நடுவராக வர ஒப்புக்கொண்டதோடு விளையாட்டு போய்விட்டது. முதலாவதாக வருகிறவனுக்குத் தன்னுடைய கொப்பரா ஸ்டோரில் கிளாக்கர் வேலை தருவதாக அவர் சொல்லி அனுப்பினார். கூரைக்குக் கீழே ஒரு கதிரை, மாதம் பிறந்தால் சம்பளம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சம்பளம். எங்கள் ஊரில் அதன் மதிப்பு என்னவென்று கடலுக்குப் போகிற வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும்.

என் சிநேகிதன் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. முந்தின வருசம் அவனுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தாயும் இரண்டு தங்கச்சிமாரும் அவனுடைய கையைப் பார்த்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவன் அவன்தான். அவன் குரல் எழும்பினால் களைத்துக் கிடந்த நாற்பது பேரும் கயிற்றைப் பிடிப்பார்கள். தவக்காலத்தில் கோயிலில் ஆண்டவருடைய பாடுகளின் வாசகத்தை அவன் வாசித்தால் கிழவிகள் முதல் வரியிலேயே முந்தானையைத் தேடுவார்கள். அவன் தாயை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமிக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. இவனாவது கரையில் இருக்கட்டும்.

என் நிலை வேறு. அப்பாவுக்குச் சின்னதாக ஒரு கடை இருந்தது. என்னைச் சிலாபத்துக்கு அனுப்பிப் படிப்பித்தார். அந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்கு ஒன்றும் குடி முழுகிப் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல நா எழும்பாது.

அவனும் நானும் பின்னேரங்களில் கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்குப் பக்கத்தில் பேசிப் பழகினோம். நான் பேசினால் அவன் கேட்பான், அவன் பேசினால் நான் கேட்பேன். "எமது கடற்கரை" என்பது சுவாமியார் தந்த தலைப்பு. நான் தங்கம் விளையும் நெய்தல் நிலம், முத்துக் குளித்த முன்னோர் என்று எதுகை மோனையோடு கட்டியிருந்தேன். அவன் தன் அப்பா போன நாளைப் பற்றிச் சொன்னான், வேறொன்றும் இல்லை. குரலை உயர்த்தக்கூட மாட்டான். இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் என் பேச்சு எனக்கே அரிசி வியாபாரியின் விளம்பரம் மாதிரிப் பட்டது.

ஏழாம் விதியை நான் எழுதியது அவனுக்காகத்தான். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. முந்தின நத்தார்ப் பண்டிகைக்கு, தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கிற கண்டக்டரின் மகன் கொழும்பிலிருந்து வாடகைக்கு எடுத்த சூட்டில் வந்து கோயில் முற்றத்தில் உலாத்தினான். அவன் போட்டிக்கு வருவான் என்று தெரியும். வெள்ளைச் சாரமும் சேட்டும் கட்டி வருகிற என் சிநேகிதன் அந்தச் சூட்டிடம் தோற்கக்கூடாது. அதனால் எழுதினேன்: போட்டியாளர் தமது சொந்த உடையையே அணிய வேண்டும், இரவல் உடைக்கு இடமில்லை, மீறுவோர் இரு போட்டிகளிலிருந்தும் விலக்கப்படுவர். எழுதி முடித்து அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "கண்டக்டர்ட மகனுக்கு நல்ல ஆப்பு, மச்சான்" என்று சிரித்தான்.

எங்கள் ஊரில் ஒரு கோட்டு இருந்தது. கறுப்புக் கம்பளிக் கோட்டு. எப்போது வந்தது, யார் கொண்டு வந்தது என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஊரில் எவனுக்குக் கலியாணம் என்றாலும் அவன் அந்தக் கோட்டைப் போட்டுத்தான் கோயிலுக்குப் போவான். கட்டையனுக்குக் கையை மடித்துத் தைப்பார்கள், நெட்டையனுக்கு அதைப் பிரித்து விடுவார்கள். கலியாணம் முடிந்ததும் பெண் வீட்டார் அதை வெயிலில் போட்டுத் தட்டி, பையில் ஒரு மெழுகுதிரி வைத்து கோயில் மூப்பர் வீட்டு அலுமாரிக்கு அனுப்ப வேண்டும். மெழுகுதிரி மாதாவுக்கு. என் அப்பா அதைப் போட்டுத்தான் கட்டினார். அவனுடைய அப்பாவும் அப்படித்தான். கோட்டை இரவல் வாங்கினோம் என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. கோயில் மணியை இரவல் என்று யாராவது சொல்வார்களா?

போட்டிக்கு முதல் நாள் மாமி போய் மூப்பரிடம் கோட்டைக் கேட்டார். மூப்பர் யோசிக்காமல் அலுமாரியைத் திறந்து கொடுத்தார். மாமி அன்று முழுவதும் கையின் நீளத்தைச் சரிபார்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால்கூட ஏழாம் விதி ஞாபகத்துக்கு வந்திருக்காது. எனக்கும் அது இரவல் கோட்டு இல்லையே.

பள்ளிக்கூட மண்டபத்தில் பலகை அடுக்கி மேடை போட்டிருந்தோம். கோயில் திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். முன்வரிசையில் முதலாளி, சுவாமியார், தலைமை வாத்தியார், மூவரும் நடுவர்கள். பின்னால் ஊர். கண்டக்டரின் மகன் விதியைக் கேள்விப்பட்டு, சொந்தச் சேட்டோடு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். எனக்கு அப்பா சிலாபத்தில் தைப்பித்த வெள்ளைக் கோட்டு.

என் சிநேகிதன் மேடையில் ஏறியதும் பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. கலியாணக் கோட்டில் அவன் அவனுடைய அப்பா மாதிரியே இருந்தான். அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைக்கு நடந்தான், திரும்பினான், வணங்கினான். அப்போது கண்டக்டரின் மகன் எழுந்தான். ஏழாம் விதியை ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டு, "விதி எல்லாருக்கும் ஒண்டுதானே, சுவாமி?" என்று கேட்டான்.

சுவாமியார் வந்து எட்டு மாதம் ஆகவில்லை. அவர் வந்தபின் ஊரில் ஒரு கலியாணமும் நடக்கவில்லை, எங்கள் வழமை அவருக்குத் தெரியாது. "இது யாருடைய கோட்டு, மகன்?" என்று அவனைக் கேட்டார்.

"ஊர்க் கோட்டு, சுவாமி."

"உன்னுடையதா, இல்லையா?"

அவன் என்னைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை இல்லை. இதை நீ சொல்லு என்கிற பார்வை. சுவாமியாரும் என் பக்கம் திரும்பினார். "காரியதரிசி, விதியை எழுதினது நீர். நீர் சொல்லும்."

நான் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியது ஒரு வசனம்தான். இந்தக் கோட்டு எங்கள் எல்லாருக்கும் சொந்தம், சுவாமி. மண்டபத்தில் இருந்த ஆம்பிளைகளில் முக்கால்வாசிப் பேர் அதைப் போட்டு மாலை மாற்றியவர்கள், ஓம் என்று ஆமோதித்து எழுந்திருப்பார்கள். அது எனக்குத் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அவன் பேசினால் எனக்கு இரண்டாம் இடம். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலாபத்துக் கதிரை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எனக்குத் தேவையே இல்லாத கதிரை.

நான் பொய் சொல்லவில்லை. கொப்பியைத் திறந்து ஏழாம் விதியை வாசித்தேன். நல்ல உச்சரிப்போடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தேன். வாசித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவன் கோட்டைக் கழற்றினான். "சேட்டோட பேசலாமா, சுவாமி?" என்று கேட்டான். இரு போட்டிகளிலிருந்தும் என்று நான்தானே எழுதி வைத்திருந்தேன். சுவாமியார் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். மூப்பர் பின்னாலிருந்து ஏதோ சொல்லப் பார்த்தார். நடுவர்கள் முடிவுக்கு எதிராகச் சபையோர் பேசக்கூடாது என்பது ஒன்பதாம் விதி. தலைமை வாத்தியார் கையைக் காட்டி அவரை இருத்தினார். என் சிநேகிதன் கோட்டை மடித்து மூப்பரிடம் கொடுத்துவிட்டுப் பின்சுவரோடு போய் நின்றான். வெளியே போவான் என்று நினைத்தேன். போகவில்லை. தங்கம் விளையும் நெய்தல் நிலத்தை நான் வர்ணித்து முடிக்கும்வரை நின்று கேட்டான், மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினான்.

எனக்கு வேலை கிடைத்தது. வேறென்ன நடக்கும்?

சிலாபத்துக்குப் புறப்படுகிற அன்று அவனைத் தேடிக் கரைக்குப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நான் ஆரம்பிக்கும் முன்னரே அவன் சொன்னான்: "நீ எழுதினதை நீ வாசிச்சாய், மச்சான். அதில என்ன பிழை?" குத்திக் காட்டத்தான் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அவன் திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூட நான் சிலாபத்துக்கு நிம்மதியாகப் போயிருப்பேன். அந்த ஒரு வசனம் கொப்பரா ஸ்டோரில் என்னோடு வருசக் கணக்காக உட்கார்ந்திருந்தது.

கோட்டுக்கும் அந்தப் போட்டியோடு காலம் சரி. அடுத்து வந்த கலியாணத்தில் மாப்பிள்ளைப் பொடியன், "இரவல் கோட்டு எனக்கு வேணாம்" என்றானாம். அந்தச் சொல்லை ஊருக்குள் கொண்டு வந்தவன் நான்தான். பிறகு ஒருவரும் மூப்பர் வீட்டுக்குப் போகவில்லை. என் சிநேகிதனும் வெறும் சேட்டோடுதான் கலியாணம் கட்டினான். கலியாணத்துக்கு எனக்கும் சொல்லி அனுப்பினான். வேலை என்று சொல்லி நான் போகவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வைகாசியில், காற்று திசை பேர்ந்த நேரத்தில், அவன் போன வள்ளம் கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். அவனை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். செய்தி கிடைத்ததும் சிலாபத்திலிருந்து வந்து சேர்ந்தேன்.

சேமக்காலையில் குழியை மூடியபின் சுவாமியார் என்னைக் கூப்பிட்டார். சங்கத்துப் பிள்ளை ஒருவன் போய்விட்டான், சங்கத்தில் முதற்பரிசு வாங்கியவர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார். அந்த மனுசன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன், அதுதான் கேவலம். துக்கம் உண்மையான துக்கம்தான். அப்படி இருந்தும் எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தினால் சனம் அழும் என்று உள்ளே ஒருவன் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தான். சனம் அழுதது. சுவாமியார் கண்ணைத் துடைத்தார்.

சனம் கலைந்தபின் மாமி என்னிடம் வந்தார். கறுப்புச் சேலை. இடது கையால் மருமகளைத் தாங்கியிருந்தார், மற்றக் கையால் என் கையைப் பிடித்தார்.

"நல்லாப் பேசினாய், மகன்."

நான் தலையைக் குனிந்தேன்.

"அண்டைக்கு அவன் பேச இருந்ததை நீ கேட்டிருக்கிறாய்தானே? வீட்டிலயும் சொல்லிச் சொல்லிப் பழகினவன். நான் அடுப்படியில நிண்டு அரையும் குறையுமாத்தான் கேட்டன். தகப்பனைப் பத்தினதெண்டு எனக்கு முழுசாக் கேக்க மனம் வரேல்ல. மேடையில சொல்லக்குள்ள கேப்பம் எண்டு இருந்திட்டன்." மருமகளைச் சரியாகத் தாங்கிக்கொண்டார். "நீ அதை இண்டைக்குச் சொல்லியிருக்கலாம். இப்பவாவது ஒருக்காச் சொல்லு, மகன்."

இருபது தடவை கேட்டவன் நான். முழுசாகக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை. அவன் எதையும் எழுதி வைக்கவும் இல்லை. கண்ணை மூடி யோசித்தேன். என் பேச்சுத்தான் வந்தது. தங்கம், நெய்தல், முத்து, முன்னோர், ஒரு சொல் குறையாமல் ஐந்து நிமிடமும் வரிசையாக வந்தது. அதற்குள்ளிருந்து அவனுடைய முதல் வசனத்தை மட்டும் எப்படியோ பிடித்து இழுத்தேன்.

"எங்கட அப்பா கடலுக்குப் போன அண்டு, வீட்டில ஒரு ஆளுக்குச் சோறு மிஞ்சிப் போச்சு."

மாமி தலையை ஆட்டினார். ஓம், அதுதான் என்பது போல. பிறகு என் வாயைப் பார்த்தபடி, கையை விடாமல், அடுத்ததுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.