தங்கம்மா நட்ட புல்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் தங்கம்மாவின் வீட்டுக்குப் பின்னால் நிற்பது சாமி உண்டாக்கிய மலை இல்லை. நூறு வருடமாகத் தங்கத்தை எடுத்துக்கொண்டு சக்கையைக் கொட்டிய சயனைடு மேடு. மழை பெய்தால் அதன்மேல் கொஞ்சம் புல் பிடிக்கும், தூசி அடங்கும். ஆனால் இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்டது. காற்றடித்தால் சோற்றிலும் மண், பாயிலும் மண். அவள் கணவர் சிரில் இருபத்தேழு வருடம் சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கியவர். நெஞ்சு முழுக்கக் கல் தூசி. இனி ஒரு சிட்டிகை தூசிகூட ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

தங்கம்மா உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. வற்றிக் கிடந்த பேத்தமங்களா ஏரியில் வண்டலை அள்ளிக் கோணியில் கட்டி, பஸ் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டே கொண்டுவந்தாள். மேட்டின் வீட்டைப் பார்த்த சரிவில் அதைப் போட்டுப் புல் நட்டாள். அரிசி கழுவின தண்ணீர், துணி அலசின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். அக்கம்பக்கம் சிரித்தது. புல் வேர்பிடித்த பிறகு ஒருநாள் சிரில் இருமாமல் ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்தார். அவளுக்கு அன்றைக்குத்தான் கிறிஸ்துமஸ்.

2001இல் சுரங்கத்தை மூடினார்கள். பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வர ஆரம்பித்தன. நம் வீட்டுக் குப்பைமேடு அவர்களுக்குப் போட்டோ எடுக்கும் மலை!

ஒரு ஞாயிறு தங்கம்மா கோயிலிலிருந்து திரும்பியபோது சரிவில் புல் பிய்ந்து கிடந்தது. எங்கும் செருப்புத் தடம்.

"இன்னாங்க இது? யாரு ஏறுனாங்க?"

"கார்ல வந்தவங்களுக்கு நான்தான் வழி காட்னேன், தங்கம். மத்த பக்கமெல்லாம் மண்ணு சரியுது, அங்கதான் கால் நிக்குது." சிரில் முகமெல்லாம் சிரிப்பு. "ஆளுங்கள எறக்குற கேஜ் எப்டி எறங்கும், எந்த லெவல்ல வேலை செஞ்சேன்னு ஒருமணி நேரம் கேட்டாங்க. மைன் மூடுனப்பறம் என்னை யாரு இன்னான்னு கேட்டாங்க, சொல்லு?"

தன் மூச்சைத் தானே மிதிக்கக் கொடுத்த மனுஷனை என்னவென்று திட்டுவது? அவள் உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு சிரில் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சரிவிலிருந்து காற்று கிளம்பியது. தரையில் வெள்ளையாகத் தூசி படிந்தது. அவர் துண்டை வாயில் வைத்து இருமினார். தங்கம்மா கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதே தங்கம். ஆளு இல்லன்னு போய்டுவாங்க."

தெருமுனையில் கார் சத்தம் கேட்டது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவள் கதவைத் திறந்தே விட்டாள்.