கண்ணாடி இல்லாத மூடி

காளியாத்தாள் தோட்ட வேலையை விட்டது வாத்துகளை நம்பித்தான். சத்தியமங்கலத்துக்குக் கீழே பவானி வாய்க்கால் ஓரத்தில் அவை மேய்ந்தன. முட்டை வாங்க டவுனிலிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள். அதன்பிறகு எவருடைய வெங்காயக் காட்டிலும் அவள் குனியவில்லை. வழியில் பெரிய தோட்டத்து அம்மாவைப் பார்த்தால் ஒதுங்கி நிற்பாள், கும்பிடுவாள், தன்பாட்டில் போய்விடுவாள்.

ஒரு விடியலில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்தன. ஒரு வாத்துகூட மிஞ்சவில்லை. வாத்து முட்டைகளை அடைகாக்கிற நாட்டுக்கோழியும் போய்விட்டது. வைக்கோல் கூடையில் அந்த வாரத்து முட்டைகள் மட்டும் இருந்தன.

"இந்த முட்டை பொரிஞ்சாத்தான் ஆச்சு. இல்லாட்டி மறுபடியும் அந்த அம்மா காட்டுக்குத்தான்" என்றாள் காளியாத்தாள்.

"இன்குபேட்டர் வாங்கலாம்மா" என்றாள் மகள் மதிவதனி. விலங்கியல் படித்தவள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. வேலை தேடி அலைந்துகொண்டிருந்தாள். படித்தது எதற்காவது ஆகும் என்று அவளுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

ஈரோட்டுக் கடையில் முட்டையைத் தானாகவே திருப்பும் மிசின் இருந்தது. அதன் தட்டுக் குழிகள் கோழி முட்டைக்கானவை, வாத்து முட்டை உட்காராது. விலையும் எட்டவில்லை. காங்கேயத்தில் ஒருவர் வீட்டிலேயே தெர்மாகோல் பெட்டி செய்து விற்றார். உள்ளே பல்பு, சின்ன மின்விசிறி, சூட்டைக் காட்டும் மீட்டர். கையால் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

"மூடியில கண்ணாடி வெக்கட்டுங்களா? கொஞ்சம் கூட ஆகும்."

"எதுக்குங்க, வேடிக்கை பாக்கவா? அந்தக் காசுக்குப் பேட்டரி குடுங்க. எங்கூர்ல கரண்ட் நிக்காது" என்றாள் மதிவதனி. சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள்.

உண்மையிலேயே பேட்டரி கைகொடுத்தது. செல்போன் வெளிச்சத்தில் முட்டைகளுக்குள் நரம்பு ஓடுவதைப் பார்த்து காளியாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசி நாட்கள் வந்தன. சில முட்டைகளில் ஓடு விண்டு, அலகு தெரிந்தது. மதிவதனி தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி மூடியை அழுத்தி மூடினாள். "இனி தொறக்கவே கூடாதும்மா. ஈரம் போச்சுன்னா எல்லாம் போச்சு."

மறுநாள் பெரிய தோட்டத்து அம்மா கோயமுத்தூர் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்று காளியாத்தாள் நாற்காலியை முந்தானையால் துடைத்தாள்.

"உக்கார வரல. முட்டைக்குள்ள குஞ்சு கத்துமாமா, இவங்க கேட்டதே இல்லையாம். தொற, பாக்கலாம்."

"இப்பத் தொறக்கக் கூடாதுங்க. சவ்வு காஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்குமுங்க. வெளிய வர முடியாம செத்துருமுங்க" என்றாள் மதிவதனி.

"பாத்தீங்களா, படிச்ச புள்ள!" தோட்டத்து அம்மா சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரு கண்ணாடி வெக்க உம்பட படிப்புக்குத் தெரியலையா, கண்ணு? இல்ல, எங்க கண்ணு பட்டாச் செத்துருமா?"

மதிவதனி பதிலைத் தேடுவதற்குள் காளியாத்தாள் மூடியைத் தூக்கியிருந்தாள்.

சம்பந்தியம்மாள் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். "ஐயோ, உள்ள கொட்டுதுங்க!" செல்போனில் வீடியோ எடுத்தார்கள். சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை எடுத்தார்கள். டீ வந்தது. மூடி அதுவரைக்கும் தரையிலேயே கிடந்தது. சாயங்காலம் தோட்டத்திலிருந்து இன்னும் நாலு பேர் பார்க்க வந்தார்கள், மூடி மறுபடியும் திறந்தது.

"ஏம்மா தொறந்தே?"

"வந்தவங்ககிட்ட முடியாதுன்னு எந்த வாயில சொல்றது? நீ சொன்னியே, கேட்டாங்களா?"

சொன்னது உண்மைதான். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போட்டுச் சொன்னாள். மூடிமேல் ஏறி உட்கார்ந்திருக்கலாமே என்று இப்போது தோன்றியது. அப்போது ஏன் கால் நகரவில்லை?

விடிந்தபோது ஓட்டுத் துளைகளில் சவ்வு காகிதம்போல் காய்ந்திருந்தது. அலகுகள் மெல்லத் திறந்து மூடின. வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டு மதிவதனி ஒன்றை உரித்தாள். ரத்தம் வந்தது. பாதி உடம்பு வெளியே வந்த குஞ்சு, உள்ளங்கையில் கழுத்தை நீட்டி ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. அடுத்ததை உரிக்க அவளுக்குக் கை வரவில்லை. மற்றவையும் உச்சிப்பொழுதுக்குள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மீட்டர் மட்டும் இம்மி பிசகாமல் சரியான சூட்டைக் காட்டியது.

காளியாத்தாள் அழவில்லை. முட்டைகளைக் கூடையில் அள்ளி வாய்க்கால் மேட்டில் புதைத்துவிட்டுத் திரும்பினாள். அந்த நேரம் பெரிய தோட்டத்து அம்மாவின் கார் வாசலில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்னாச்சு, காளியாத்தா? பொரிஞ்சுதா?"

"போச்சுங்கம்மா. எல்லாமே செத்துப்போச்சு."

"அடப் பாவமே. விலை கம்மின்னு வாங்கினா அப்படித்தான். செரி, வெங்காயத்துல களை மண்டிக் கெடக்குது, ஆளே சிக்க மாட்டேங்குது. நாளைக்கு வந்துரு. புள்ளையும் வரட்டும், சும்மாதான இருக்குது."

"செரிங்கம்மா" என்றாள் காளியாத்தாள்.

மதிவதனி படியிறங்கி காருக்குப் பக்கத்தில் போனாள். ராத்திரியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு நெஞ்சு வரைக்கும் இருந்தது. தோட்டத்து அம்மா காருக்குள்ளிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன, கண்ணு?"

"எத்தனை மணிக்கு வரோணுமுங்க?" என்றாள் மதிவதனி.