போதும் என்றால் கேட்காதது

அஞ்சலாட்சி பத்தாவது முடித்தபோதே, "படிச்சது போதும்" என்றது பாகூர்ச் சொந்தமெல்லாம். பட்டம் வாங்கியபோதும் அதே பாட்டு. காதில் போட்டுக்கொள்ளாமல் காலாப்பட்டு ஆய்வகம்வரை வந்துவிட்டாள்.

அங்கே அவள் வளர்த்த பாக்டீரியாவுக்கும் இந்தப் 'போதும்' வியாதி இருந்தது. கோழித்தீவனத்துக்கு வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலத்தை வெல்லப்பாகிலிருந்து தயாரிக்கும். தன் தேவை தீர்ந்ததும் நிறுத்திக்கொள்ளும். நிறுத்தச் சொல்லும் அந்த மரபணுவைத்தான் அஞ்சலாட்சி மாற்றினாள். பலமுறை தோற்று, மறுபடி மறுபடி மாற்றினாள். இன்று பாக்டீரியா வளரும் நொதிகலனில் லைசின் அளவு நிற்காமல் ஏறிக்கொண்டே போனது.

அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினாள்: "ஜெயிச்சுட்டேம்மா!"

"சந்தோஷம்டி. இதோட போதும், கெளம்பி வூட்டுக்கு வா."

அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு பொங்கியது.

"நீ வளத்த மாதிரியே நானும் ஒண்ணு வளத்துட்டேம்மா. போதும்னா கேக்கவே கேக்காது!"