வீட்டுக்கு ஒரு ஆள்

எங்கள் ஊரைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்றதும் எனக்கு வந்தது கோபம் இல்லை, அலுப்பு. ராசிபுரத்துக்கு பஸ் ஏறிக் கடை வேலைக்குப் போக இனி முழங்காலில் தெம்பில்லை. நூறு நாள் வேலையில் ஏரிக்கரையைச் சுத்தம் செய்து வரும் கூலிதான் நான் யாரையும் கேட்காமல் செலவழிக்கும் காசு. ஊர் நகராட்சியானால் அந்த வேலை போய்விடும்.

வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போடலாம் என்று வார்டு மெம்பராக இருந்த பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள்.

"அரசியல் சட்டத்தையே திருத்தித்தானுங்கக்கா கிராம சபைக்கு எடம் குடுத்திருக்குது. நாம ஒண்ணாச் சொன்னா மேல காது குடுத்துத்தான் ஆகோணும்."

அத்தனை பெரிய சட்டத்தில் நான் கை தூக்கவும் இடம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் என்ன பேசலாம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று சேலை மாற்றிக்கொண்டு வந்தால், வீட்டுக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ எங்க புள்ள கெளம்பற? ஊட்டுக்கு ஒரு ஆள் போதும். மாட்டுக்குத் தண்ணி காட்டு. உன்ற பேச்சையும் சேத்து நானே பேசிட்டு வாரேன்."

கோயில் நோம்பிக் கூட்டமானாலும் வாய்க்கால் தகராறானாலும் எங்கள் ஊர் வழக்கம் அதுதான். ஒரு ஆள் போனால் வீடே போன மாதிரி. அன்றைக்கும் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஆள் போயிருந்தது.

மத்தியானம் அவர் சுரத்தில்லாமல் திரும்பினார். கிராம சபையில் வீட்டை எண்ண மாட்டார்களாம். வாக்காளர் தலையைத்தான் எண்ணுவார்களாம். தலை பத்தவில்லை. தீர்மானத்தை எடுக்காமலே, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

அந்த நாளுக்குப் பெண்கள் எல்லோரும் போவதாகப் பேசிவைத்தோம். அதற்குள் ஊரைச் சேர்த்து அரசாணை வந்துவிட்டது. தீர்மானம் போட்டிருந்தால் மட்டும் நிறுத்தியிருப்பார்களா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. வாயைத் திறக்காமலே தோற்றதுதான் வயிற்றெரிச்சல்.

போன வாரம் சோறு போடும்போது அவர் சமாதானத்துக்கு வந்தார்.

"இன்னும் ஏம் புள்ள மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற? உனக்காவத்தான நான் போனேன்?"

"போனீங்க. அங்க கொறஞ்ச தலையில ஒண்ணு என்னுதுங்க."