தினம் ஏழு மணிக்கு வரும் திருடன்

பூலாம்பாடி செல்லக்கண்ணுவிடம் நூற்றுப் பத்து செம்மறி ஆடுகள் உண்டு. சொந்த நிலம் கிடையாது. அறுப்பு முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு செந்துறைப் பக்கம் போய்விடுவார். அறுவடையான ஒருவர் கொல்லையில் இரண்டு இரவு, அடுத்தவர் கொல்லையில் இரண்டு இரவு என்று ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். இரண்டு இரவுக்கு மேல் ஒரே இடத்தில் கிடை நிற்காது. நின்றால் அடுத்த கொல்லைக்காரர் சண்டைக்கு வருவார்.

அவர் மனைவி பொன்னம்மாளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன தையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. படுக்கைப் புண் வராமல் திருப்பிப் போடுவது, புரையேறாமல் ஊட்டுவது எல்லாம் எனக்குப் பயிற்சியில் கற்றுத்தந்தார்கள். ஒன்றைக் கற்றுத்தரவில்லை. இரவு ஏழு மணிக்கு வீடியோவில் புருஷன் முகத்தைப் பார்க்காமல் இந்த அம்மாள் வாயைத் திறக்கமாட்டாள். பார்த்து, இடது கையால் நாலு திட்டு திட்டிய பிறகுதான் இட்லி இறங்கும். இட்லி இறங்கினால்தான் மாத்திரை.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் தமிழழகன் விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்குப் புது ஃபோன் வாங்கித் தந்தான். திருட்டுப் போகாமல் இருக்க ஏதோ ஏற்பாடும் செய்துவிட்டுப் போனான். வீட்டில் இருந்தால் நம்பரைப் போட்டாலே திறக்கும். ஃபோனுக்குத் தெரியாத இடத்தில் இருந்தால் விரல் ரேகை வேண்டும். ஐந்து தடவை தவறினால் மறுநாள் வரை பூட்டிக்கொள்ளும், நாங்கள் கூப்பிட்டாலும் எடுக்க விடாது.

நாற்பது வருடம் தொரட்டியும் கயிறும் பிடித்த கட்டைவிரலில் ரேகை எங்கே இருக்கும்? செந்துறையில் முதல் நாளே ஃபோன் அவரைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டது.

அப்போது கிடை போட்டிருந்த கொல்லைக்காரர் கொளஞ்சியப்பனின் பட்டன் ஃபோன் மோட்டார் கொட்டகையில் கிடந்தது, அதிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இது என்னைய யாருன்னு கேக்குதுக்கா."

"நீங்க பதில் சொல்ல வேண்டியதுதானே."

"சொல்லுறேன், நம்பமாட்டேங்குது."

"அப்ப ஃபோனை மட்டும் பஸ்ல குடுத்து விடுங்க. வீட்டுக்கு வந்தா நம்பரைப் போட்டு நானே சரி பண்றேன். நம்பர் என்ன?"

"அது விரலுக்குத்தாங்க்கா தெரியும். வாயால சொல்ல வரலை."

ஆடுகள் குட்டி போடும் நேரம். அவராலும் கிடையை விட்டு வர முடியாது. அன்று பொன்னம்மாள் அரை இட்லி சாப்பிட்டாள். மறுநாள் அதுவும் இல்லை, கஞ்சி மட்டும்.

தமிழழகனிடம் சொன்னேன். "ஒரே இடத்துல நாலைஞ்சு நாள் இருந்தா ஃபோனே இடத்தைப் பழகிக்கும் பெரியம்மா" என்றான். அதை அப்படியே செல்லக்கண்ணுவிடம் சொன்னது என் தப்புதான். மனிதர் கிடையை நகர்த்தாமல் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் கொளஞ்சியப்பனுக்குச் சந்தோஷம், சும்மா கிடைக்கிற உரம். நான்காம் நாள் கணக்கு மாறியது. நான் ஃபோனில் இருக்கும்போதே பின்னால் சத்தம் கேட்டது.

"யோவ் செல்லக்கண்ணு, எருக்குழியாக்கப் பாக்குறியா என் கொல்லைய? இவ்வளவு உரம் வுழுந்தா சோளம் தழையாப் போவும்யா, கதிரு புடிக்காது!"

அடுத்த கொல்லைக்காரர் வைரக்கண்ணுவும் வந்துவிட்டார். "என் கொல்லை என்னா பாவம் பண்ணுச்சு? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஃபோனு இன்னும் எடத்தைப் பழகலைங்க."

"ஆடு பழகிடுச்சா?"

"ஆடெல்லாம் மொத நாளே பழகிடுச்சுங்க."

"அப்ப ஃபோனை வித்துட்டு இன்னொரு ஆடு வாங்கு!"

அன்று சாயந்திரம் தமிழழகன் சிரிக்க முடியாமல் சிரித்துக்கொண்டு பேசினான். ஐந்தாவது தடவை தவறும்போதெல்லாம் ஃபோன் திருடனைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்புகிறதாம். "நாலு நாளா எங்கப்பா படம் வருது பெரியம்மா. ஒவ்வொண்ணுக்கும் கீழே 'உங்கள் சாதனத்தைத் திறக்க முயன்றவர்'னு போட்டிருக்கு."

"சிரிச்சது போதும், அதையெல்லாம் இங்க அனுப்பு."

நாலு படங்கள் வந்தன. கீழிருந்து எடுத்தவை. ஒன்றில் மூக்குத் துவாரம் மட்டும். ஒன்றில் நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை அழுத்துகிறார். பொன்னம்மாள் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். நாலையும் பார்த்தாள். தாடியைக் காட்டினாள், இடது கையால் கன்னத்தில் வழிக்கிற மாதிரி இழுத்தாள், பிறகு அடிக்கக் கையை ஓங்கினாள். தோள் குலுங்கியது. புரையேறப் போகிறது என்று தலையைத் தூக்கிப் பிடித்தேன். சிரிப்புதான். வாயைத் திறந்தாள். மூன்று இட்லி போனது.

உடனே பட்டன் ஃபோனுக்குக் கூப்பிட்டேன். "நாளைக்குக் கிடையை வைரக்கண்ணு கொல்லைக்கு மாத்துங்க. ஃபோன் பழகவே வேண்டாம். தினம் சரியா ஏழு மணிக்கு அஞ்சு தடவை தப்பா அழுத்துங்க. அழுத்தறப்போ முகத்துக்கு நேரா பிடிங்க, மூக்கைப் பார்த்தது போதும். தாடிய எடுக்கச் சொல்லித் திட்டு விழுந்திருக்கு."

"படத்துல எப்புடிக்கா திட்டுவா?"

"அடிக்கவே கை ஓங்கிட்டா."

"அப்ப நல்லாத்தான் இருக்கா" என்றார்.

மறுநாள் ஏழு மணிக்கு வந்த திருடன் தாடி எடுத்திருந்தார். படிய வாரிய தலை, புதுத்துண்டு, கக்கத்தில் அன்று பிறந்த குட்டி. கூடவே தமிழழகன் எழுதியிருந்தான்: "இந்தத் திருடனைப் போலீஸே பிடிக்காது."

பொன்னம்மாள் குட்டியைக் கவனிக்கவே இல்லை. துண்டைக் காட்டிக் கையை ஆட்டினாள். எனக்கு விளங்கச் சிறிது நேரம் ஆனது. பீரோவில் பொங்கலுக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த துண்டாம், கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறார்.

ஆக, ஃபோன் பிடித்தது சரியான திருடனைத்தான். குறிப்பேட்டில் எழுதினேன்: இரவு நான்கு இட்லி, மாத்திரை கொடுத்தாயிற்று.