அப்பாவின் மகள் என்று சொன்ன சோதனை: காரைக்காலில் மூன்று நாள்

எந்த ஊரில் எங்கே தங்கலாம், எந்த பஸ்ஸில் போகலாம் என்றுதான் இந்தப் பக்கத்தில் வழக்கமாக எழுதுவேன். இந்த முறையும் அந்த விவரங்கள் உண்டு. ஆனால் நான் காரைக்காலுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பும் டி.என்.ஏ. சோதனையில் வந்த ஒரு முடிவுக்கு விளக்கம் கேட்கப் போனேன். பூர்வீகம் தேடுவதற்காக இதே சோதனையைச் செய்துவிட்டு, வந்த முடிவை என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். பெயர்களையும் குடும்ப விவரங்கள் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

சோதனைக் கிட்டை அமெரிக்காவிலிருந்து வந்த நாத்தனார் கொண்டுவந்தார். அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. தாத்தாவுக்கு முந்தின தலைமுறை பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, ஏதாவது கிடைக்கட்டுமே என்றுதான் அனுப்பினேன். ஆவணியில் முடிவு வந்தது. ஒத்துப்போகிறவர்கள் வரிசையில் முதலில் இருந்த பெயர் சோஃபி. பிரான்சில் இருக்கிறார். பக்கத்தில், ‘அரைச் சகோதரியாக இருக்கலாம்’ என்று போட்டிருந்தது. அதாவது அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் பொது.

இந்த ஊகத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரின் டி.என்.ஏ.வில் ஒரே மாதிரி இருக்கும் துண்டுகளை அளந்து கூட்டுகிறார்கள். சென்டிமார்கன் என்பது அந்த அளவின் பெயர். கூடப்பிறந்தவர்களுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வரும். சித்தப்பா பிள்ளை, அத்தை பிள்ளை என்றால் எண்ணூறு, தொள்ளாயிரம். எனக்கும் சோஃபிக்கும் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். அரைச் சகோதரிகளுக்கு வரும் அளவு அது.

சோஃபிக்கு எழுதினேன். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து ஒரு பிரெஞ்சுத் தம்பதி அவரைத் தத்தெடுத்திருக்கிறார்கள். கையில் இருக்கும் காகிதத்தில் பெண், காரைக்கால், பிறந்தது நவம்பர் முதல் வாரம், பெற்றோர் தெரியாது என்பதற்கு மேல் எதுவும் இல்லை. நான் அதே வருஷம் ஏப்ரலில் பிறந்தவள். ஏழு மாதம்தான் வித்தியாசம் என்பதால் அம்மா பொதுவாக இருக்க வழியில்லை. மிஞ்சியது அப்பா.

அப்பா அப்போது திருமலைராயன்பட்டினத்தில் வாடகை வீட்டில் இருந்தார், காரைக்காலில் அரசு வேலை. நான் பிறந்த நேரத்தில் அவருக்கு இன்னொரு பெண்ணோடு உறவு இருந்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். சுவரில் இருந்த அவர் படத்துக்குப் பூ வைப்பதை நிறுத்தினேன். சிங்கப்பூரில் இருக்கும் என் பெரியம்மா மகனும் இதே சோதனை நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறான். அவனுக்கும் சோஃபிக்கும்கூட உறவு இருப்பதாகக் காட்டியது. எங்கள் குடும்பத்தில் எல்லாம் சொந்தத்துக்குள் கல்யாணம், யாருக்கும் யாரோடும் கொஞ்சம் ஒட்டும் என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டேன். பெரியம்மா மகன் என் அம்மா வழி. அப்பாவின் தொடுப்பில் பிறந்த பெண்ணுக்கு அவன் ஏன் உறவாக வேண்டும்? அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

கேட்பதற்கு மிஞ்சியிருந்தவர் வசந்தா அத்தை ஒருவர்தான். அப்பாவின் ஒரே தங்கை, வயது அறுபத்தொன்று. மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் குரும்பகரத்தில் வாழ்க்கைப்பட்டவர். பிள்ளை இல்லை. மாமாவும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தனியாக இருக்கிறார்.

கார்த்திகைக் கடைசியில் கிளம்பினேன். சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்கு பஸ். புதுச்சேரி, சிதம்பரம், சீர்காழி வழியாக ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். இரண்டு மணிக்கு வந்துவிடும் என்றார்கள். சீர்காழிக்கு அப்புறம் பிடித்த மழையில் மூன்றரை ஆனது. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் தூரத்திலேயே லாட்ஜ், அறை ஆயிரத்து இருநூறு. சுத்தமாக இருந்தது, ஆனால் துணி காயவில்லை. மழைக்காலத்தில் போகிறவர்கள் ஒரு செட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஆட்டோ. குரும்பகரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் சம்பா வயலில் தண்ணீர் நின்றது. சில இடங்களில் பயிரின் நுனி மட்டும்தான் தெரிந்தது.

“உள்ள ரோடு மழைக்குப் பேந்து கெடக்கும்மா. முக்குலயே இறக்கி விட்டுருவேன், கோவிச்சுக்காதீங்க,” என்றார் டிரைவர். “இன்னும் ரெண்டு நாளைக்கு வடியலன்னா இதெல்லாம் அழுகிப் போயிரும்.”

அத்தை டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா, செல்வி?” என்று கடிந்துகொண்டே காபி போட்டுக் கொடுத்தார். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வரவில்லை.

“அத்தை, அப்பாவுக்கு வேற யாரோடயாவது பழக்கம் இருந்துச்சா?”

“யாருக்கு, எங்கண்ணனுக்கா? உனக்கு என்னடி வந்துச்சு?”

“பிரான்ஸ்ல ஒரு பொண்ணு இருக்கா. எச்சிலை வச்சுச் சோதிச்சதுல எனக்குத் தங்கச்சி மாதிரி வருது. அம்மாவுக்குப் பொறந்திருக்க முடியாது. காரைக்கால்ல பொறந்தவ, என்னைவிட ஏழு மாசம் சின்னவ.”

“ஏழு மாசமா?”

“ஆமா. நவம்பர் ஆரம்பத்துல.”

“ஐப்பசி,” என்றார் அத்தை.

எழுந்து டி.வி.யை அணைத்தார். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து உட்காராமல் நின்றபடியே பேசினார்.

“எங்கண்ணனைச் சொல்லாத. அது என் புள்ள.”

எனக்குப் புரியவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். “செத்துப் பொறந்துச்சுன்னு சொன்னாங்க. அண்ணந்தான் கொண்டுபோய்ப் பொதைச்சுட்டு வந்துச்சு.”

அத்தை அழவில்லை. நடுவில் நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். அப்பா அம்மாவைக் கட்டியபோது, அம்மாவின் தம்பி கணேசன் மாமா அத்தையைக் கட்டுவதாகப் பேச்சு. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. அடுத்த தையில் கல்யாணம் என்று உறுதியாகிவிட்ட தைரியத்தில் இருவரும் பழகியிருக்கிறார்கள். அதற்குள் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள ஒரு குடும்பத்திலிருந்து மாமாவுக்கு வரன் வந்தது. பெண்ணைக் கட்டினால் பிரான்சுக்குப் போகலாம்.

“ஆள் விட்டுச் சொன்னோம், இந்த மாதிரி இருக்குன்னு. விசா வந்துட்டுது, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லி அனுப்புனாரு. உங்கப்பா என்னைப் பட்டினத்து வீட்டுக்கு அழைச்சுக்கிட்டு வந்துச்சு. கைப்புள்ளயப் பாத்துக்க வந்திருக்கேன்னு ஊர்ல சொன்னாங்க. அந்தக் கைப்புள்ள நீதான்.”

பிரசவம் பார்க்க வந்த அம்மாள் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே எடுத்துப் போயிருக்கிறாள். அத்தை முகம்கூடப் பார்க்கவில்லை.

“அழுகைச் சத்தம் கேட்டாப்புல இருந்துச்சு. கேட்டேன். உள்ள செல்வி அழுவுறான்னாங்க.” அப்போதுதான் உட்கார்ந்தார். “மூணாம் நாளு பால் கட்டிக்கிச்சு. நெருப்பா எரியுது. உங்கம்மா உன்னைத் தூக்கியாந்து என் மடியில போட்டா. நீ குடிச்ச.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போனில் சோஃபியின் படத்தைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரலால் பெரிதாக்குவது எப்படி என்று கேட்டார், காட்டினேன்.

“உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியல, அத்தை.”

மதியம் லாட்ஜுக்கு வந்து கணக்கைத் திரும்பப் பார்த்தேன். சோஃபியின் அம்மா என் அப்பாவின் தங்கை. அவள் அப்பா என் அம்மாவின் தம்பி. எனக்கு அவள் அத்தை மகள், மாமா மகளும் அவளே. ஒரு பக்க உறவுக்கு எண்ணூற்றுச் சொச்சம் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து அரைச் சகோதரிக்கு உள்ள அளவு வந்துவிடுகிறது. தளம் கூட்டிய கணக்கில் தப்பில்லை, அதற்கு எங்கள் கல்யாணப் பேச்சு தெரியாது, அவ்வளவுதான். இன்னொரு சோதனையும் இருந்தது. ஒரே அப்பாவின் இரண்டு மகள்களுக்கு, அவரிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோம் முனைக்கு முனை ஒத்துப்போக வேண்டும். நாங்கள் இருவரும் மூலத் தரவைப் பதிவேற்றியிருந்த இன்னொரு தளத்தில் அதை ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கங்கே இரண்டு துண்டுகள்தான் ஒத்துப்போயின. கால் மணி நேர வேலை. ஆவணியிலேயே செய்திருந்தால், அத்தையிடம் அந்தக் கேள்வியைப் போட்டிருக்க மாட்டேன்.

சாயங்காலம் அத்தையே போன் செய்தார். “காலையில பட்டினச்சேரிக்குப் போவணும். நீயும் வா.”

மூன்றாம் நாள் அத்தை பஸ்ஸில் காரைக்கால் வந்தார். நாகப்பட்டினம் பஸ்ஸில் திருமலைராயன்பட்டினம் அரை மணிக்கும் குறைவு. அங்கிருந்து பட்டினச்சேரி மீனவர் குப்பத்துக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். புயல் எச்சரிக்கையால் படகுகள் எல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், “யாரைப் பாக்கணும்?” என்று கேட்டாள்.

“யாரையும் இல்லம்மா. சும்மா வந்தோம்,” என்றார் அத்தை.

கடலுக்கும் குடியிருப்புக்கும் நடுவில் வெறும் மணல். அத்தை ஓரிடத்தில் நின்றார்.

“இங்க சவுக்கு நின்னுச்சு. அதுக்குக் கீழதான் வச்சேன்னு அண்ணன் காட்டுச்சு. வருஷா வருஷம் ஐப்பசியில வந்து பால் ஊத்துவேன். எங்க வீட்டுக்காரருகிட்ட நாகூருக்குப் போறேன்னு சொல்லிட்டு வருவேன். சுனாமியில தோப்பு மொத்தமும் போயிடுச்சு. இந்த ஊர்ல அவங்கவங்க புள்ளையப் பறிகொடுத்துட்டு அழுவுறாங்க. நானும் வந்து நின்னு அழுதேன். யாருக்காகன்னு கேட்டா என்ன சொல்ல?”

அலைச்சத்தத்தில் அடுத்தது சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் போனேன்.

“ஒரு வருஷம் அண்ணனும் கூட வந்துச்சு. நான் ஊத்துறப்ப தோ, அங்கனதான் நின்னுச்சு. நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு, செல்வி.”

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியும். தங்கைக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டும், குழந்தை உயிரோடு இருப்பது தெரிந்தால் அவள் விடமாட்டாள். அதுவரை புரிகிறது. இந்த மணலில் நின்று அவர் எப்படி வாய் திறக்காமல் இருந்தார் என்பதுதான் புரியவில்லை. கேட்க ஆளில்லை.

திரும்பும்போது அத்தை சொன்னார். “அவகிட்ட நான் செத்துட்டேன்னு சொல்லிடு.”

“அவளுக்கும் அதே பொய்யா, அத்தை?”

ஆட்டோவில் ஏறி, முந்தானையால் காலில் ஒட்டியிருந்த மணலை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே வந்தார். பஸ் ஏறும்போதுதான் வாய் திறந்தார். “இருக்கேன்னு சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாத.”

சென்னை வந்ததும் சோஃபிக்கு எழுதினேன். நீ என் தங்கை இல்லை, அத்தை மகள். உன் அம்மா இருக்கிறார். நீ இறந்து பிறந்ததாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் கொஞ்சம் காலம் வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது: “அப்படியென்றால் அவர் என்னைக் கொடுத்துவிடவில்லை.” அதன் பிறகு தன் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். கணேசன் மாமா ஆறு வருஷத்துக்கு முன் பாரிஸ் பக்கத்தில் இறந்துபோனார் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் வீட்டிலிருந்து ரயிலில் நாற்பது நிமிஷத் தொலைவாம்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். தளம் சொல்லும் உறவுப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அளவை மட்டும்தான் பார்க்கிறது. தாய்மாமனையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய நம் குடும்பங்களில் எண்கள் உப்பித்தான் வரும். இரண்டு தலைமுறைக்காவது யார் யாரைக் கட்டினார்கள், எந்தக் கல்யாணப் பேச்சு முறிந்தது என்று விசாரித்துவிட்டு அப்புறம் எண்ணைப் பாருங்கள். ஒத்துப்போகிறவர் உங்கள் அம்மா வழிக்கும் சொந்தமா, அப்பா வழிக்கும் சொந்தமா என்று தனித்தனியாகச் சரிபாருங்கள். எல்லாம் சரிபார்த்த பிறகும், கேள்வியைக் கொண்டுபோய் யார் முன்னால் வைக்கிறோம் என்று ஒருமுறை யோசியுங்கள். வயதானவர்கள் விவரம் சொல்லத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துப் போனேன். அந்த விவரம் அவர்கள் வயிற்றில் சுமந்ததாகவும் இருக்கலாம். போக நல்ல மாதம் மாசி. மழை இருக்காது, ரோடும் காய்ந்திருக்கும்.

இதை எழுத அத்தையிடம் அனுமதி கேட்டேன். “பேரை மாத்திப் போட்டுக்க. அண்ணனைத் திட்டி எழுதாத,” என்றார். முடிந்தவரை அப்படி எழுதவில்லை. அதற்கப்புறம், சோஃபி மாசியில் வர விரும்புகிறாள் என்று சொன்னேன். அன்றிலிருந்து மூன்று வாரம் அத்தை என் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தேன், நடமாட்டமாகத்தான் இருக்கிறார் என்றார்.

நேற்று அவரே கூப்பிட்டார். நலம்கூட விசாரிக்கவில்லை.

“அவளுக்கு மீன்ல முள்ளு எடுத்துத் தின்னத் தெரியுமா?”

“தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன், அத்தை.”

“அப்ப வஞ்சிரந்தான் வாங்கணும்,” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.