கபடிக்கு எடை எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கூட்டத்தில் வாய் திறந்து பேசினேன். என் வீட்டில் இன்னும் யாரும் நம்பவில்லை.

நட்சத்திர ஆராய்ச்சிக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா காவலூர் தொலைநோக்கி நிலையத்துக்கு வந்திருக்கிறார். கறுப்பின அமெரிக்கர். அவருக்கு வண்டி, நான் ஓட்டும் ஜீப்தான். மகள் நயோமிக்குப் பதினான்கு வயது, கனத்த உடம்பு. தினம் ஓடி எடையைக் குறைக்கச் சொல்லி அவர்கள் ஊர் டாக்டர் அனுப்பியிருக்கிறார். அவளோ ஜீப்பை விட்டே இறங்க மாட்டாள். வேர்த்தால் சடை கெட்டுவிடும்... நுணுக்கி நுணுக்கி ஒரு பகல் முழுக்கப் பின்னியதாம். தவிர, இறங்கினால் ஊரே பார்க்கும். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாதா? நாலு பேர் பார்த்தால் ஒடுங்கிப்போகிற ரகம்தான் நானும்.

என் மகள் செல்வி கபடி ஆடுகிறாள். ஞாயிறு மேட்ச். கார்னரில் நிற்கும் பெண்ணுக்குக் கால் சுளுக்கு. ஆள் குறைந்தால் ஆட்டமே இல்லை.

"யப்பா, அந்தப் பொண்ண கேளேன். அவ நின்னா எவளும் தாண்ட முடியாது."

"நான் இன்னான்னு கேக்கறது?"

செல்வியே ஜீப்பில் ஏறிக் கேட்டாள் - பாதி இங்கிலீஷ், பாதி கை ஜாடை. சடைக்கு? புளி உலுக்கும்போது எங்கள் பெண்கள் கட்டுவதுபோல, துண்டால் தலையை இறுக்கிக் கட்டிவிட்டாள். நயோமி கண்ணாடியில் பார்த்தாள். சிரித்தாள். இறங்கினாள்.

மேட்ச், போளூர் பக்கத்து ஊரில். எதிர் டீம் கோச் நயோமியைப் பார்த்ததும், "எடை போட்டுட்டு ஆடட்டும்" என்றார். இத்தனை கிலோவுக்கு மேல் ஆடக்கூடாது என்பது எங்கள் பக்கம் ஆண்கள் கபடியில் வழக்கம். புளி மண்டியிலிருந்து எடை மெஷின் வந்து மைதானத்தின் நடுவில் உட்கார்ந்தது.

நயோமிக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. மெஷினைப் பார்த்ததுமே தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தாள்.

அப்போதுதான் என் வாய் திறந்தது.

"பொண்ணுங்க ஆட்டத்துக்கு எடை இல்லீங்களே. நோட்டீஸ்ல போடலீங்க."

மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது.

கோச் முறைத்தார். "அப்ப எங்க ரேவதிய இன்னாத்துக்குயா வூட்ல வுட்டுட்டு வந்தேன்? எடை ஜாஸ்தின்னு சொன்னதுக்கு அழுதுக்கினு கீது."

"கூட்டியாங்க. குந்தினு இருக்கோம்."

ரேவதி பைக்கில் வருவதற்குள் செல்வி நயோமிக்குத் துண்டை மறுபடி கட்டி அழைத்து வந்துவிட்டாள். இந்தப் பக்கம் கார்னரில் நயோமி, அந்தப் பக்கம் ரேவதி. ரெய்டு போனவர்கள் திரும்பி வந்ததே அபூர்வம்.

நாங்கள்தான் தோற்றோம். கடைசியில் ஒருத்தியைக் கப்பென்று பிடித்த நயோமி, வலிக்கிறதோ என்று பதறி விட்டுவிட்டாள்!

"சாரியெல்லாம் அப்பாலிக்கா சொல்லுடி" என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது விடிந்ததும் நயோமி கிரவுண்டுக்கு நடந்தே போய்விடுகிறாள். அவள் எடை குறைந்ததா என்று யாரும் கேட்பதில்லை. காலி ஜீப்பில் உட்கார்ந்தே இருக்கிறேனே... என் தொப்பையைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு.